காதுக்காரரும் முட்டிக்காரரும்

மருத்துவக் குழுவின் அறையிலிருந்து என் கணவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“டீச்சர், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு.”

வீட்டிலும் வெளியிலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. அவர் பீரங்கிப் படையில் இருந்து திரும்பியவர். பீரங்கிச் சத்தத்தில் இடது காது முழுவதுமாகப் போய்விட்டது. வலது காதில் கருவி மாட்டினால், பக்கத்தில் நின்று பேசுவது பாதி கேட்கும். அந்தக் காதுகளுக்கான ஊன ஓய்வூதியத்தை முதலில் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தோம். மறுபரிசோதனைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. அதற்காகத்தான் ரயிலேறி வெளியூர் போயிருந்தோம்.

“என்ன கேட்டாங்க?” என்று அவருடைய வலது காதருகே குனிந்து கேட்டேன்.

“முட்டிய மடக்கச் சொன்னாங்க, மடக்குனேன். குத்தவச்சு உக்காரணும்னு டாக்டரே உக்காந்து காட்டுனாரு. நானும் உக்காந்தேன். எந்திரிங்கன்னு கையக் காட்டுனாரு. சடார்னு எந்திரிச்சேன். முதுகுல தட்டி வெரி குட்னாரு.”

“காதப் பாக்கலையா?”

“அதான் பேப்பர்லயே இருக்குமே டீச்சர். ஏதோ கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஆமா சார்னு சொல்லிட்டேன்.”

காதுக்கு வந்தவரிடம் முட்டியை ஏன் பார்த்தார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ ஊர் வந்து சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வடை வாங்கித் தின்றபடி, ராணுவ டாக்டர்கள் எவ்வளவு தங்கமானவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. மனுதாரரின் முழங்கால் நல்ல நிலையில் இருக்கிறது, ஊனம் எதுவும் இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு, பொய் சொல்லலியே,” என்றார். எரிச்சலில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் மனுவைத் தயாரித்தவர் ஓர் ஏஜெண்ட். காளவாசல் பக்கம் ஒரு மாடியில் அலுவலகம் வைத்து, முன்னாள் ராணுவத்தினருக்கு இந்த வேலையெல்லாம் செய்து தருபவர். நேரே அவரிடம் போனோம். காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டீச்சர், உங்க வீட்டுக்காரர் பேர்ல இன்னொருத்தர் இருக்காரு. அதே இனிஷியல். அவருக்கு மொழங்கால்ல அடி. செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஊரு. அவருதான் ஆளப் பிடிச்சு உங்க காத அவரு பேருக்கு மாத்திருக்காரு. காதுன்னா கேக்கலைன்னு நடிச்சிரலாம் பாருங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாது. விட்டுருங்க.”

நான் விடுவதாக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செக்கானூரணிக்குப் பஸ் ஏறினோம். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. ஊருக்குள் பட்டாளத்துக்காரர் வீடு எது என்று கேட்டதும் கையைக் காட்டிவிட்டார்கள். வாசலில் நிலக்கடலை காயப்போட்டிருந்தது. காலால் அதைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் நாங்கள் யார் என்று சொன்னேன். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

“ஓ, எங்க காலக் களவாண்டது நீங்கதானா?”

“நீங்கதான எங்க காதக் களவாண்டது?”

“காதா? எங்களுக்கு எதுக்குங்க ஒங்க காது? படிச்சவுக செய்யுற வேலையா இது? எங்க மனுவயும் எழுதிக் குடுத்த அந்த ஏஜெண்டு எல்லாத்தயும் சொல்லிட்டாரு.”

நானும் குரலை உயர்த்தினேன். வகுப்பில் கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இத்தனைக்கும் நடுவில் என் கணவர் அந்தப் பெண்ணைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடி நின்றிருந்தார்.

“டீச்சர், என்ன சொல்றாங்க? சாப்பிடச் சொல்றாங்களா?”

அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, மடங்காத வலது காலை இழுத்து இழுத்து ஒருவர் வந்தார். என் கணவரின் இடது பக்கமாக வந்து நின்று, “அண்ணே, எந்த ரெஜிமெண்ட்டு?” என்று கேட்டார். இன்னொரு முறை கேட்டார். என் கணவர் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் என் கணவரின் காதில் இருந்த கருவியைப் பார்த்தாள். நான் அவள் கணவரின் காலைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தோம் என்று எங்களுக்குள் இன்னமும் தகராறு இருக்கிறது. நான் அவள் என்கிறேன், அவள் நான் என்கிறாள். கடலைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

அவள் கணவர் போன ராணுவ வண்டி பனிமலையில் உருண்டபோது அவர் முழங்கால் நொறுங்கியிருக்கிறது. அவரையும் அதே மருத்துவக் குழு கூப்பிட்டிருக்கிறது.

“மொழங்காலு சார்னு சொன்னேன் டீச்சர். பேப்பர்ல காதுன்னுதான் இருக்குன்னாங்க. ஹெட்போன மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கையத் தூக்குன்னாங்க. கொசு பறக்குற மாதிரிச் சத்தமும் கேட்டுச்சு. பட்டாளத்துக்காரன் பொய் சொல்ல முடியுமா? அம்புட்டுக்கும் கையத் தூக்கிட்டேன்.”

“நீங்களும் வெரி குட் வாங்குனீங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

“வாங்குனேண்ணே.”

அன்று கோழியடித்துக் குழம்பு வைத்தார்கள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது ஆண்கள் இருவரும் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு இரண்டு கோப்புகளுக்கும் நகல் வாங்கினோம். அதற்கு அலைந்த நாட்களில் முட்டிக்காரர் எங்கள் வீட்டிலேயே தங்குவார். எங்கள் வீடு இருக்கும் ஆனையூரிலிருந்து என் கணவர் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலப்பக்கம் ஹாரன் கேட்டால் வலது தோளில் ஒரு தட்டு, இடப்பக்கம் என்றால் இடது தோளில். காளவாசல் நெரிசலைத் தாண்டி வந்தபோது தோளெல்லாம் வலிப்பதாக என் கணவர் சொன்னார். அப்படிச் சொல்லும்போதும் முகம் மலர்ந்திருந்தது.

நகல்கள் வந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். எங்கள் படை எண் போட்ட மனுவுக்குப் பின்னால் முட்டிக்காரரின் எக்ஸ்ரே அறிக்கை. அவருடைய மனுவுக்குப் பின்னால் எங்கள் செவித்திறன் அறிக்கை. “மொழங்காலு இங்கிட்டு, காது அங்கிட்டு,” என்று அவர் மனைவி தாள்களைக் கைமாற்றிக்கொண்டே வந்தாள். ஏஜெண்ட் பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துக் கட்டிவிட்டார் என்பது புரிந்தது. அதைத் தவறு என்று விட்டுவிடலாம். கடைசித் தாளைத்தான் விட முடியவில்லை. ‘மேற்படி முடிவைப் படித்துக் காட்டக் கேட்டு, விளங்கிக்கொண்டு, முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன். இனி மேல்முறையீடு செய்யமாட்டேன்.’ கீழே என் கணவரின் பெயரில் ஒரு கையெழுத்து. முட்டிக்காரர் கோப்பிலும் அதே வாசகம், அதே கையெழுத்து. எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் அப்படிக் கையெழுத்துப் போடுவதில்லை.

தன் பிழை வெளியே தெரியாமல் இருக்க ஏஜெண்டே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, எங்களில் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டிருக்கிறார். என் கணவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

“இருபது வருசம் எல்லையில நின்னவன் பேர்ல இப்பிடி எழுத எப்பிடி மனசு வந்துச்சு?” என்றார்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கம் ஏஜெண்ட், இந்தப் பக்கம் நாங்கள் நால்வரும்.

“நான் படிச்சுக் காட்டுனேன் மேடம். இவரு நல்லாக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு,” என்றார் ஏஜெண்ட்.

அதிகாரி அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார், என் கணவரை ஒருமுறை பார்த்தார். தாளை ஏஜெண்டிடம் நீட்டினார்.

“அன்னைக்கு மாதிரியே இப்பவும் படிச்சுக் காட்டுங்க. நானும் கேக்குறேன்.”

ஏஜெண்ட் படித்தார். என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவருக்குக் கேக்கல போலயே, இன்னுங் கொஞ்சம் சத்தமா,” என்றார் அதிகாரி. ஏஜெண்ட் உரக்கப் படித்தார். என் கணவர் திரும்பி, “என்னையா கூப்பிட்டீங்க?” என்றார். பக்கத்து அறை ஊழியர்கள் கதவருகே வந்து நின்றார்கள். ஏஜெண்டின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. எழுந்து நின்று, மேசைமேல் குனிந்து, “முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன்” என்று கத்தினார்.

“எதைங்க?” என்று என் கணவர் அக்கறையாகக் கேட்டார்.

முதலில் சிரித்தது அந்த அதிகாரிதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஏஜெண்ட் நாற்காலியில் சாய்ந்து, தண்ணீர் கேட்டார். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அதிகாரியின் குரல் மாறிவிட்டது. இதைப் போல இன்னும் எத்தனை பேரின் மனுக்களில் கை வைத்திருக்கிறார் என்று கேட்டார். விவகாரம் போலீசுக்குப் போனது. அந்த மாடி அலுவலகம் பூட்டப்பட்டது. அங்கே கிடந்த மற்றவர்களின் கோப்புகளையும் எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

இரண்டு பேருக்கும் புதிதாக மருத்துவக் குழு கூடியது. நால்வரும் ஒரே ரயிலில் போனோம். இந்த முறை அவர்கள் என் கணவரின் முழங்காலைத் தொடவே இல்லை. ஆணை எங்களுக்கு முதலில் வந்தது. அவர்களுக்கும் வரட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் இருந்தோம். இரண்டு நாள் கழித்து அவள் போனில் அழுதாள்.

“மதினி, வந்துருச்சு. காலுக்குத்தான். நல்லாப் பாத்துட்டேன், காலுன்னுதான் போட்டிருக்கு.”

அவள் என்னை மதினி என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அவளுக்கு அழகர்கோவிலில் ஒரு வேண்டுதல் இருந்தது. நாங்களும் கூடப் போனோம். அவர்கள் கும்பிட்டு வரும்வரை நாங்கள் வெளியே மண்டபத்தில் காத்திருந்தோம். வெளியே வந்ததும் கோவில் தோசையை நான்காகப் பிய்த்தாள். கெட்டியான தோசை, மிளகும் சுக்கும் நெய்யும் மணந்தன. மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆண்கள் இருவரும் பனியில் சப்பாத்தி கல்லாகிப்போன கதையை ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள். மதுரை போகும் பஸ் வந்து நின்றது. நாங்கள் யாரும் எழவில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று அவள் இன்னொரு தோசை வாங்கப் போனாள்.