பால் இல்லாத வாசலில் பால் லாரி

ஆர்லன் ஹோகனுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் முப்பத்தொரு வருஷம் விஸ்கான்சின் மாநிலத்து மேட்டுப் பாதைகளில் பால் லாரி ஓட்டியே போய்விட்டது. ஒவ்வொரு பண்ணையிலும் இறங்கி, பால் தொட்டியின் மூடியைத் தூக்கி முதலில் மோந்து பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். புளிப்பு வாடையோ, மாடு மேய்ந்த காட்டுப் பூண்டு வாடையோ அடித்தால் லாரியில் ஏற்றக் கூடாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இது யார் வீட்டுப் பால் என்று சொல்லிவிடுவார்.

மார்லிஸ் டோலஃப்சன் வீட்டுப் பாலை மட்டும் இரண்டு தடவை மோந்து பார்ப்பார். பாலில் ஒரு கோளாறும் கிடையாது. இரண்டாம் தடவை மோந்து முடிப்பதற்குள் மார்லிஸ் கறவையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்துவிடுவார், அவ்வளவுதான். மார்லிஸின் கணவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். ஆர்லனின் மனைவி விட்டுப் போய் இருபது. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நிமிஷம், மழையைப் பற்றிப் பேச்சு. அந்த மூன்று நிமிஷத்துக்காக மனுஷன் மற்ற நேரமெல்லாம் ஏங்கிக் கிடந்தார். முப்பது டன் லாரியைப் பனியில் பின்னால் எடுக்கத் தெரிந்தவருக்கு, மனசில் இருந்ததை வாய்க்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

அக்டோபரில் மார்லிஸ் தன் நாற்பத்து மூன்று மாடுகளையும் விற்றுவிட்டார்.

"எல்லாம் மாட்டுப் பாலே வேண்டாம்னு சொல்ற இந்த ஓட்ஸ் பால் கும்பல் பண்ற வேலை," என்றான் தீவனக் கடை டக்ளஸ். "மார்லிஸோட மகளே அந்தக் கட்சிதானாம். பெத்த வீட்டுக்கே கொள்ளி வெச்சிருக்கா!"

"அப்புறம் ஏன்டா என் லாரி ஒருநாள்கூட காலியா வரமாட்டேங்குது?" என்றார் ஆர்லன்.

அது நிஜம். முன்பெல்லாம் பத்துப் பண்ணை ஏறி இறங்கினால்தான் லாரி நிறையும். இப்போது நாலாயிரம் மாடு நிற்கும் பெரிய பண்ணை ஒன்றே தினமும் ஆறு லாரியை நிறைக்கிறது. கடை அலமாரியில் ஓட்ஸ் பால் இடம் பிடித்தது வாஸ்தவம்தான். ஆனால் ஆர்லன் கண்ட வரைக்கும் மாடு குறையவில்லை, பண்ணை வாசல்தான் குறைந்தது. மார்லிஸின் மாடுகளும் அந்தப் பெரிய பண்ணைக்குத்தான் போயின. அந்தப் பாலை மோந்தால் யார் வீட்டு வாசமும் வராது. பால் இல்லாத வீட்டில் பால்காரனுக்கு என்ன ஜோலி? மார்லிஸைப் பார்க்க இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கைப்பழக்கத்தில் லாரி மார்லிஸ் வீட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டது. ஆர்லன் சுதாரிப்பதற்குள் மார்லிஸ் வெளியே வந்துவிட்டார்.

"என்ன ஆர்லன், வந்து நிக்கிறீங்க? காளையைப் பிடிச்சுக் கறக்கச் சொல்றீங்களா?"

ஆர்லன் லாரியிலிருந்து இறங்கினார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. மார்லிஸ் செல்லம் கொடுத்து வளர்த்த கிழட்டு மாடு ஒன்று நினைவுக்கு வந்தது.

"இல்ல... பெரிய பண்ணையில உங்க பெர்னீஸைப் பார்த்தேன். சொல்லிட்டுப் போகலாம்னு."

பச்சைப் பொய். நாலாயிரத்தில் ஒன்றை யார் பார்த்தார்கள்?

மார்லிஸ் அப்படியே நின்றுவிட்டார். "எப்படி இருக்கா?"

"ஜோரா இருக்கா. நல்லாத் தின்றா. என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினா."

"கால்?"

"நொண்டலே இல்லைங்க இப்ப."

மார்லிஸ் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பெர்னீஸை அவங்க எடுத்துக்கல, ஆர்லன். நொண்டி மாடு வேண்டாம்னுட்டாங்க. கறிக்குப் போற வண்டியில நான்தான் ஏத்திவிட்டேன். இந்தக் கையால."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது ஆர்லனுக்கு. "மன்னிச்சுடுங்க," என்று முனகிவிட்டு லாரியை நோக்கி நடந்தார்.

"ஆர்லன்."

நின்றார்.

"நாளன்னிக்கும் வாங்க." என்றார் மார்லிஸ். "வந்து, அவ எப்படி இருக்கான்னு சொல்லிட்டுப் போங்க."