அசையாமல் கிடப்பவள் கெட்டிக்காரி

தையல்காரம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பதோடு சரி. அவள் வயிற்றில் பிறந்ததோ நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. "யாரைக் கொண்டு பொறந்தாளோ!" என்று ஊசியில் நூல் கோர்த்தபடி தினமும் அலுத்துக்கொள்வாள். ஆனாலும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகளை அப்படியே போட்டுவிட்டு, பயிற்சி நடக்கும்போது குளத்தோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். பார்க்காவிட்டால் பயம் இன்னும் கூடும்.

புதிதாக வந்த கோச் நாடித் துடிப்பு எண்ணுவார். உடம்பின் களைப்பை அளக்கவென்று காது மடலில் குத்தி ரத்தம் எடுப்பார். "சும்மா நீந்தினதெல்லாம் அந்தக் காலம்மா. இது சயின்ஸ்" என்பார். சயின்ஸ் என்று சொல்லிவிட்டால் யார் வாயைத் திறப்பது? அடுத்து மூச்சடக்கும் பயிற்சி வந்தது. முதலில் வேகவேகமாக மூச்சை இழுத்து விட வேண்டும். பிறகு அடியில் போய் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் காற்று வீணாம். அசையாமல் கிடப்பவள்தான் கெட்டிக்காரியாம்.

மகள் அடியில் இருக்கும்போதெல்லாம் அம்மாவும் மேலே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அன்று பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள், அதையும் விட்டாள். மகள் மேலே வரவில்லை.

"சார், போதும் சார், மேல கூப்பிடுங்க!"

கோச் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா இருங்கம்மா. எவ்ளோ அழகா அசையாம இருக்கா பாருங்க!"

அசையாமல். அந்தச் சொல்லைக் கேட்டதும் தையல்காரம்மா எழுந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தாள். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பதே நினைவுக்கு வந்தது.

கோச் பதறிப் பாய்ந்தது அவளைக் காப்பாற்றத்தான், மகளை அல்ல. அவளை இழுத்துக் கரைக்கம்பியைப் பிடிக்க வைத்தார். இத்தனை கூத்துக்குப் பிறகு பயிற்சி எங்கே நடக்கும்? மகளைத் தட்டிக் கூப்பிட அடியில் போனார். தட்டினார். அவள் எழவில்லை.

மகளை மேலே தூக்கி வந்து கரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். உதடு நீலம் பாரித்திருந்தது. தையல்காரம்மா மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். ஒரு வழியாக மகள் இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், கண் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"டைம் எவ்ளோ சார்?"

கோச் கடிகாரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட இருந்து பாக்கறேன்."

தையல்காரம்மா பிடித்த பாதத்தை விடவில்லை. தான் தண்ணீருக்குள் மூழ்கியபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.