திட்டச் சொன்ன சிஸ்டர்

முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது உடன் வேலை செய்யும் முருகேசன் சொன்னான்: "சரோஜா சிஸ்டர் பூட்டாங்களாம் சார். நெஞ்சு வலியாம்." உட்கார இடம் இருந்தது. குவார்ட்டர்ஸ் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

சிஸ்டர் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு சின்ன கிளினிக்குக்கு வேலைக்கு வருவார். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். ஊசி போட்டதும் நம் கேட் பாஸை வாங்கித் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். பாஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் போக முடியாது. நாமோ எந்தச் சொந்த வேலையையும் ஷிப்டுக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் திணிக்கிற ஜாதி. "ஊசி போட்டுகினு ஓடறவங்கள நான் எங்கன்னு தேடறது?" என்பார்.

எனக்குச் சர்க்கரை. சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்குவதற்குள் ஃப்ளூ ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இரண்டு மணி ஷிப்டுக்கு ஒன்றேகாலுக்குப் போய் நின்றேன், ஐந்து நிமிட வேலை என்று. பாஸ் அவர் பைக்குள் போனதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க நர்ஸா, வாட்ச்மேனா?" என்று கத்தினேன். "லேட்டா போனா மெமோதான் குடுப்பாங்க. ஒக்காருங்க சார்" என்றார்.

பத்து நிமிடம் ஆனது. உள்ளங்கை அரித்தது. பிறகு காது மடல் சூடானது. சொன்னால் இன்னும் பிடித்து வைப்பாரே என்று வாயைத் திறக்கவில்லை. முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு. கடிகாரத்தைப் பார்த்து, "பாஸக் குடுங்க, நான் போறேன்" என்று எழுந்தேன்.

அவர் கையிலிருந்த நோட்டை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "இன்னொரு வாட்டி திட்டுங்க சார்."

திட்ட முயன்றேன். குரல் வரவில்லை. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு அடைத்தது போல இருந்தது. "டாக்டர்" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தார். என்னைப் படுக்கத் தள்ளி, பேண்ட்டின் மேலேயே தொடையில் வேறோர் ஊசியை இறக்கினார். "என்னயே பாருங்க, கண்ண மூடாதீங்க." மூச்சு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனதோ, தெரியாது. பாஸ் கையில் இருந்திருந்தால் அந்நேரம் ஸ்கூட்டரில் இருந்திருப்பேன். அல்லது சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சலில், தனியாக.

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க திட்டுனது நல்லதாப் போச்சி. கம்முனு இருந்திருந்தா கொரல் மாறுனது எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். அதோடு விடவில்லை. "இந்த அலர்ஜி எங்கியோ ஒருத்தருக்குத்தான் வரும் சார். உங்களப் பாத்து மத்தவங்க பயந்துடப் போறாங்க. உங்களுக்கு இனிமே இந்த ஊசி கூடாது, அதனால வூட்டுல இருக்கறவங்க கண்டிப்பாப் போட்டுக்கணும்." அதிலிருந்து வருடா வருடம் மனைவியையும் மகனையும் அழைத்துப் போகிறேன்.

காரியத்துக்குக் குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். அவர் மகளிடம் நான் யார் என்று சொல்லத் தொடங்கியதுமே அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்கதானா? அம்மா உங்க பேரு சொல்ல மாட்டாங்க. 'திட்டிப் பொழச்ச சாரு'ன்னுதான் சொல்லிகினு இருப்பாங்க."

அந்தப் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டேனே தவிர, நன்றி என்று ஒருமுறைகூட அவரிடம் சொல்லவில்லை.