காற்றில் வெட்டிய மயில்

பாகான் டாலாமிலிருந்து ஓர் அக்கா, பதினெட்டு மில்லிமீட்டர் தேக்குப் பலகை ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டி, ஃபெர்ரி ஏறி, ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை திறக்கவிருந்த தன் தையல் கடைக்கு அதில் ஒரு மயில் செதுக்க வேண்டும். அவரிடம் வேறு பலகை கிடையாது.

வெட்டும் பாதையைக் கணினியில் அமைப்பது நான். அதன்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தை ஓட்டுவது என் கூட்டாளி அண்ணன். ஆறு மில்லிமீட்டர் ஆழம் என்று முடிவுசெய்தோம். அண்ணன் வழக்கம்போல் பலகைமேல் ஒரு தாளை வைத்து, வெட்டும் முனையான பிட் அதைத் தொடும் இடத்தைப் பூஜ்யமாகக் குறித்துவிட்டு ஓடவிட்டார். பிட் கொண்டையில் தொடங்கித் தோகை வரை வளைந்து வளைந்து ஓடியது. பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“நல்ல மெஷின்லா தம்பி, தூசியே இல்ல,” என்றார் அக்கா.

அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பூஜ்யத்த எங்க வச்ச?”

முந்தைய வேலைக்காக மேசையிலிருந்து உயரத்தை அளந்தவன், அதை மாற்றாமலே மயிலையும் அமைத்திருந்தேன். மேசைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே என்று நான் கொடுத்ததை, இயந்திரம் பலகைக்கு மேலே என்று எடுத்துக்கொண்டு காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

“காத்துல மயில் விட்டிருக்கான்க்கா,” என்றார் அண்ணன்.

“இதுவே கீழ எறங்கியிருந்தா?” என்று கேட்டார் அக்கா.

“பலகை போயிருக்கும்,” என்றேன்.

“அப்ப மொதல்ல உங்க பலகையில வெட்டிக் காட்டுங்க தம்பி.”

அளவைத் திருத்தி, எங்கள் பழைய ஒட்டுப்பலகை ஒன்றில் வெட்டினோம். மயில் சரியாக விழுந்தது. பிறகே தேக்கை வெட்டச் சம்மதித்தார். அதுவும் சுத்தமாக வந்தது.

புறப்படும்போது அக்கா இரண்டு மயில்களையும் வண்டியில் சேர்த்துக் கட்டினார்.

“ஒன்னு வாசலுக்கு, இன்னொன்னு உள்ளுக்குலா.”