நர்ஸம்மாவின் பயோவில் புகுந்த இழுவை வண்டி

நகலெடுக்கும் கடையில் டைப் அக்கா வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அந்தத் தெருவில் அவள் விரல் படாமல் ஒரு காகிதமும் வெளியே போனதில்லை. வேலை கேட்டு மனு, மின் இணைப்பு கேட்டு மனு, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நீட்டிக் கட்டிவிட்டான் என்று மனு, அப்படியெல்லாம் கட்டவில்லை என்று அதே பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்த பதில் மனு, எல்லாம் அவள் அடித்தவைதான். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பதுதான் தன் வேலை என்பாள். அந்த விஷயத்தில் மட்டும் அவளோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது.

இப்போதெல்லாம் மனு அடிக்க வருகிறவர்கள் குறைவு. பயோ எழுத வருகிறார்கள். செல்போனில் ஒரு பக்கம் திறந்து, படம் போட்டு, அதன் கீழே தன்னைப் பற்றி மூன்று வரி எழுத வேண்டுமாம். மூன்று மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள்கூட இந்த மூன்று வரியில் தடுக்கி விழுகிறார்கள். ஏஐயிடம் கேட்டால் எழுதித் தருகிறது என்றார்கள். ஆனால் ஏஐயிடம் எப்படிக் கேட்பது என்பதற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. டைப் அக்கா அதையும் கற்றுக்கொண்டாள்.

அவள் கற்றுக்கொண்ட விதம் தனி. வந்தவரை முதலில் பெஞ்சில் உட்கார வைப்பாள். "உங்க பக்கத்தை யார் பாக்கணும்னு நினைக்கிறீங்க? பாக்கிறவங்களுக்கு என்ன சந்தேகம் வரும்? நேத்து என்ன வேலை பண்ணீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். பிறகுதான் கணினிப் பக்கம் திரும்புவாள். இன்னார், இந்த வேலை, இத்தனை வருடம், படிக்கப்போவது இவர்கள், மூன்று வரிக்கு மேல் வேண்டாம், நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, கனவு, பயணம், பேரார்வம் இந்த மூன்று சொல்லும் வரக் கூடாது என்று வரிசையாக அடிப்பாள். அப்படியும் அது ஏதாவது அளந்து விட்டால், "இது யார் சொன்னது? எடு" என்று அடித்துத் திருத்துவாள். ஒவ்வொருவருக்கும் ஏஐயோடு புதிதாக ஓர் உரையாடல், அதாவது புதிய சாட், திறப்பாள். இருபது நிமிடம் ஆகும். வந்தவர் தன் பயோவைப் படித்துவிட்டு, ஆமாம், இது நான்தான் என்று தலையாட்டிக்கொண்டு போவார்.

முதலாளிக்கு அந்த இருபது நிமிடம் பொறுக்கவில்லை. அவளைவிடப் பத்து வயது சின்னவர், அப்பாவுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்துகிறவர், எதையும் இன்று காலையில் கேள்விப்பட்டு இன்று மாலைக்குள் செய்து முடித்துவிடுகிற ரகம். எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்த பிராம்ப்ட்டை, ஏஐக்கு அடிக்க வேண்டிய கட்டளையை, அச்செடுத்து, லேமினேட் செய்து, கணினி ஓரத்தில் ஒட்டி வைத்தார். 'நீ உலகின் தலைசிறந்த விளம்பர நிபுணர். கீழ்க்கண்டவருக்கு மனதை மயக்கும் பயோ எழுது' என்று அது தொடங்கும்.

"இதைப் போடுங்கக்கா, நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் ஆளுக்கு ஆள் புதுசு திறக்காதீங்க. ஒரே சாட்லயே போட்டுக்கிட்டுப் போனா அது நம்ம கடைக்குப் பழகிடும்."

"அது என்ன வேலைக்கு வந்த ஆளா தம்பி, பழகுறதுக்கு? ஒருத்தர் விஷயம் இன்னொருத்தருக்குள்ள போய்டும்."

"உங்களுக்கு எதைச் சொன்னாலும் பயம்" என்று சிரித்துவிட்டுப் போனார். டைப் அக்கா அந்த அட்டையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கணவருக்குக் கண் பரிசோதனை. டைப் அக்கா அரை நாள் விடுப்பு எடுத்தாள். மதியம் வந்து பார்த்தால் முதலாளி அவள் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினொரு பேருக்கு எழுதிட்டேன்க்கா! அரை நாள்ல பதினொரு பயோ! நீங்க நாள் முழுக்க இழுத்திருப்பீங்க."

"படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். "எல்லாம் பிரமாதமா வந்திருக்கு" என்று எழுந்து போய்விட்டார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து, மூன்று மணி வெயிலில், நர்ஸம்மா வந்து நின்றார். படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செல்போனை எடுத்து மேசையில் வைத்தார். டைப் அக்கா எடுத்துப் படித்தாள்.

'அன்பும் பொறுமையும் என் ஆயுதங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக நோயாளிகளின் நிழல். எவ்வளவு எடையானாலும் கொக்கி மாட்டித் தூக்குவோம். பள்ளத்தில் கிடந்தாலும் சங்கிலி போட்டு இழுத்து வருவோம்.'

கணினியில் அன்றைய பயோக்களைத் தேடிப் பார்த்தாள். நர்ஸம்மாவுக்கு முன்னால் வந்தவர் பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் வண்டிக்காரர். அவருடைய கொக்கியும் சங்கிலியும் அப்படியே இவருக்கு வந்து சேர்ந்திருந்தன. இவருக்குப் பின்னால் வந்தவர் உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர். அவர் பயோவில், வாடிக்கையாளர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப் புண் வராமல் காப்பார் என்று இருந்தது.

வேறு நாளாக இருந்தால் டைப் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு வீட்டுல அம்மாவைப் பாத்துக்கக் கேட்டிருந்தாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு. அந்த வீட்டுப் பொண்ணு என் பக்கத்தைப் பாத்துட்டு, எங்கம்மா என்ன லாரியான்னு கேட்டுட்டு போனை வெச்சிடுச்சு. நாளைக்கு வேற ஆளைப் பாக்கப் போறாங்களாம்." அவர் செல்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்குப் பொடி எழுத்து படிக்க வராது. நம்ம கடைதானேன்னு வாங்கிட்டுப் போயிட்டேன்."

முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கடை நடத்துகிறவருக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். "மன்னிச்சுக்கங்கம்மா. டைப் பண்றவங்க கவனக்குறைவு. சொல்லி வைக்கிறேன்" என்றார்.

கடையில் டைப் பண்றவர் ஒரே ஒருத்திதான்.

டைப் அக்காவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கணினியில் அந்தச் சாட்டைத் திறந்து, மேலே தள்ளிக்கொண்டே போய், செவ்வாய்க்கிழமை காலையில் நிறுத்தினாள். பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக அங்கே வரிசையில் நின்றார்கள். முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். நர்ஸம்மாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அக்காவை நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தெரியும்க்கா. நான்தான். இல்லேங்கல. ஆனா பதினொரு பேரு. செல்போன்ல நம்ம கடை பக்கத்துல நீங்க ஒரு மன்னிப்புப் போட்டாகணும். முதலாளியே தப்புப் பண்ணிட்டான்னா கடை பேரு கெட்டுடும். ஊழியர் தப்புன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு என்னக்கா போச்சு? உங்களை யாருக்குத் தெரியும்?"

கையில் செல்போன். மன்னிப்பையும் ஏஐயிடம் எழுதி வாங்கிவிட்டார். 'எங்கள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்' என்று அழகாக இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு பிழை இல்லை, பொய் ஒன்றைத் தவிர.

"போட மாட்டேன்" என்றாள் டைப் அக்கா.

"நாளைக்குக் காலைல போட்டிருக்கணும்" என்றார் அவர்.

அவள் திரும்பி வந்து நர்ஸம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் படிப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று கேட்டாள். நர்ஸம்மா யோசித்தார். "அடிச்சிடுவாங்களோ, திட்டுவாங்களோ, தனியா விட்டுட்டு போன் பேசுவாங்களோன்னு பயப்படுவாங்க." நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்றாள். "ஒரு பெரியவருக்குச் சாப்பாடு கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அவருக்கு மெதுவாத்தான் இறங்கும்." டைப் அக்கா புதிய சாட் திறந்தாள். அரை மணி நேரம் கழித்து வந்தது இதுதான்:

'பன்னிரண்டு வருடங்களாகப் படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அவசரப்படுத்த மாட்டேன். வேலை நேரத்தில் என் போன் உங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும்.'

டைப் அக்கா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், இரண்டு தடவை. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு அனுப்பச் சொன்னார். நடந்த குளறுபடியையும் ஒளிக்காமல் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

டைப் அக்காவின் வீடு டயர் கடைக்கு மேலே, இரண்டு அறை. கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்து, வீட்டுக்கு வந்ததும் எந்தத் தகராறும் வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். அன்று ராத்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு சாரிதானே, போட்டுட்டு வேலையப் பாரு" என்றார்.

"தப்புப் பண்ணியிருந்தா நூறு சாரி போடுவேன். பண்ணாததுக்கு ஒண்ணுகூடக் கிடையாது."

"நாற்காலி போயிடும்."

"போகட்டும். முன்னாடி ஒரு தடவை தலையக் குனிஞ்சேனே, அது காப்பாத்துச்சா?"

அது பழைய கதை. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் அதிகாரி தப்பான தேதி சொன்னார், இவள் அடித்தாள். மேலிடத்தில் விளக்கம் கேட்டபோது, அவர் டைப்பிஸ்ட் பிழை என்று எழுதி இவளிடம் கையெழுத்துக் கேட்டார். சின்னப் பெண், போட்டாள். மறு மாதமே அந்தக் கையெழுத்தைக் காட்டி அவளை அனுப்பினார்கள். கணவருக்கு அந்தக் கதை மனப்பாடம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் போனபோது கணினி இருந்தது. நாற்காலி இல்லை. முதலாளி உள்ளறையில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பைப் போட்டா நாற்காலி வரும்" என்றார், முகம் கொடுக்காமல்.

டைப் அக்கா பையை ஆணியில் மாட்டினாள். நின்றபடியே கணினியைப் போட்டாள். செவ்வாய்க்கிழமைப் பட்டியலை எடுத்து மிச்சம் பத்துப் பேருக்கும் போன் செய்தாள். "உங்க பயோவுல தப்பு இருக்கு. வாங்க, திருத்தித் தரேன். இல்லைங்க, நான் எழுதல. முதலாளி எழுதினது. ஆமா, அவர்தான்." ஒவ்வொரு போனிலும் ஒரே குரலில், ஒரே அளவு சத்தத்தில் சொன்னாள். உள்ளறையில் முதலாளி இருமினார். அவள் அடுத்த எண்ணைப் போட்டாள்.

முதலில் வந்தவர் உடற்பயிற்சிப் பயிற்சியாளர். "காலைலேர்ந்து எல்லாரும் என்னைப் புரட்டிப் போடுங்கண்ணேன்னு படுத்துக்கிறாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை உட்கார வைத்துக் கேட்டு, இவள் நின்றுகொண்டே அடித்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். மூன்றாவது ஆள் வந்தபோது, "ஏன்க்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார். "முதலாளியக் கேளுங்க" என்றாள். நான்காவது ஆளும் கேட்டார். ஐந்தாவது ஆள் உள்ளே போயே கேட்டுவிட்டார். உள்ளே என்ன பதில் கிடைத்தது என்று தெரியாது.

பதினொரு மணிக்கு நர்ஸம்மா போன் செய்தார். கடையில் நான்கைந்து பேர் இருந்ததால் டைப் அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வரச் சொல்லிட்டாங்கம்மா! திங்கக்கிழமைலேர்ந்து. அந்த மேசைமேல போன் வெக்கிற வரியப் படிச்சிட்டுத்தான் கூப்பிட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னும் கேட்டுச்சு."

உள்ளறைக் கதவு திறந்தது. முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "பாத்தீங்களா! இதை உடனே நம்ம பக்கத்துல போடுங்கக்கா. நம்ம கடை எழுதினதுன்னு பெருசா போடுங்க."

டைப் அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"நம்ம கடை எழுதினதா தம்பி?"

"பின்னே?"

"அப்போ அந்தக் கொக்கியும் சங்கிலியும் நம்ம கடை எழுதினதுதான். ரெண்டையும் சேர்த்துப் போடறேன், எது யாரு எழுதினதுன்னு பேரோட. போய் நாற்காலியக் கொண்டாங்க."