பாதி வெந்த பாலன்

பாலிமர் களிமண்ணும் நானும் சேர்ந்து வாழ்ந்ததைவிடப் பிரிந்திருந்த காலமே அதிகம். பிசைந்து உருட்டி ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும் என்று சொல்லி விற்றார்கள். முதலில் அதில் ஜிமிக்கி செய்தேன். போட்டுக்கொள்ள என் மனைவியே மறுத்தாள். மிச்ச மண்ணைப் பரணில் போட்டேன். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண்; ஓவன் செய்யவேண்டிய வேலையில் பாதியைச் சேலத்துச் சித்திரை வெயிலே செய்து முடித்தது. மறுபடி ஆசை வந்து எடுத்தால், ஆறிப்போன புட்டாக உதிர்ந்தது. புதிது வாங்கினேன். சலித்தது. அதையும் அதே பரணில்தான் போட்டேன். படிப்பினைகளைப் புத்தகத்தில் அடிக்கோடிட்டுவிட்டு மறப்பவன் நான்.

போன மார்கழியில் எங்கள் சூரமங்கலத்துப் பங்குச் சாமியார் கூப்பிட்டார். கோவிலின் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் குழந்தை இயேசுவின் சொரூபம், ஜனங்கள் உதடு வைத்து முத்தி செய்து செய்தே தேய்ந்துவிட்டதாம்.

"நீங்க மண்ணுல என்னமோ செய்வீங்களாமே. புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க."

ஐம்பது வயதில் முதல்முறையாக ஒருவர் என் கைவேலையைக் கேட்டு வந்திருக்கிறார். இதிலும் தோற்றால் இனி யாரும் கேட்கப்போவதில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினேன். புட்டு.

ஆர்டர் போட்ட புது மண் வந்து சேரவில்லை. பழையதிலேயே தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். குளிரில் எண்ணெயும் உறைந்து கிடந்தது. உள்ளங்கை கொப்பளித்த பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு குழந்தை உருவானது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் ஓவனுக்குள் கேக் இருந்தது.

"அந்தப் பிளாஸ்டிக்க என் ஓவன்ல வெக்காதீங்க. கேக்கு நாறிப்போயிரும்" என்றாள் மனைவி.

"இயேசு பொறக்க எடமில்லைன்னு அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க."

"அவங்க யாரும் சொந்தக்காரங்களுக்கெல்லாம் கேக்கு போடலைங்க."

கடைசிக் கேக் வெளியே வந்தபின்தான் குழந்தை உள்ளே போனது. வாசலில் கோவில் உபதேசியார் வண்டியை அணைக்காமலே நின்றார். "குடுங்க சார், குடில் காலியா கெடக்குது!" வேகும் முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் குழந்தையை ஏந்தி நின்றார். வரிசை நகர்ந்தது. முத்தி செய்வதோடு எங்கள் ஜனங்கள் விடமாட்டார்கள். பாதத்தைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். அப்படியிருந்தும் அந்தக் காலைத் தூக்கினாற்போல், குச்சிக் கணுக்காலோடு செய்துவைத்திருந்தேன். வரிசையில் நின்றபடி, வாழ்நாளில் செய்யாத ஜெபமெல்லாம் செய்தேன்.

"ஐயோ சாமி! காலு கையோட வந்துருச்சே!"

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அலறினார். சாமியார் பாதத்தை வாங்கி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த காலை நீட்டினார். என் முறை. உதட்டைப் படாமல் வைத்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்.

"மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும், இன்னும் பன்னெண்டு நாள் முத்தி செய்வாங்க" என்று சாமியார் காதருகே சொல்லி, பாதத்தை என் கையில் வைத்தார். "ஒட்டிக் குடுத்துருங்க."

வீட்டில் கையை விரித்துக் காட்டினேன். மனைவி பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப ஓவன் சும்மாத்தாங்க கெடக்குது."

குழந்தை கோவிலில் இருந்தது. பாதத்தை மட்டும் உள்ளே வைத்து ஓவனைப் போட்டேன்.