நேபாளத்துக்காகக் கழற்றிய பின்சீட்

இன்று காலை திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பஸ்ஸில் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன். மடியில் அர்ச்சனைக் கூடை.

அக்காவின் கணவர் சாதாரண ஆள் இல்லை. சொந்த பைக்கிலேயே நேபாளம் போய் வந்தவர். தெருவில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினாலே அது ஒரு வீடியோ.

"அண்ணன் வரலியாக்கா?"

"வர்றாரே, பைக்ல. கல்யாண நாளாச்சே, ஜோடியா கோயிலுக்குப் போறோம்."

"அப்ப நீங்க ஏன் பஸ்ல?"

"நேபாளம் போறப்ப பெட்டி மாட்டணும்னு பின்சீட்டைக் கழட்டினாரு. வந்தப்புறமும் திருப்பி மாட்டல. அடுத்து பூட்டானாம்."

"இந்தக் கூடையையாவது அந்தப் பெட்டியில வச்சிருக்கலாமே?"

"தேங்கா உருண்டா உள்ள கீறல் வுழுமாம்."

அப்போதுதான் அண்ணன் எங்கள் பஸ்ஸை முந்தினார். முழங்காலில் கவசம், ஹெல்மெட்டில் கேமரா. மயிலம் வரைக்கும் போக வேண்டுமே, சும்மாவா? ஜன்னலைப் பார்த்துக் கம்பீரமாகக் கையசைத்தார். கண்டக்டர் மட்டும் பதிலுக்குக் கையசைத்தார்.

"பூட்டானுக்கு என்னையும் கூட்டிக்கினு போங்கன்னு கேட்டேன்," என்றார் அக்கா. "அங்கயும் பஸ் இருக்குதாம்."

பூட்டான் பஸ் டைமிங் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அக்காவுக்கு ஜன்னல் சீட் வேண்டும். கையசைக்க இல்லை, காற்றுக்கு.